ஒப்புக்கொண்டவன்

"உன் புருஷன் பேர் லிஸ்டில் வராதும்மா," என்றார் வக்கீல் வெங்கடரமணன். சந்திரம்மா அப்போதுதான் அவர் ஆபீஸ் வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தாள். இன்னொரு கால் தெருவில் இருந்தது.

விடிவதற்கு முன்னால் புத்தூரில் பஸ் ஏறியவள். சித்தூரில் இறங்கி, கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நாலு பேரிடம் வழி கேட்டு வந்து சேர்ந்திருந்தாள். ரயில் பாதைக்கு ஜல்லி உடைக்கிற கை. எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் வெள்ளைத் தூள் போகாது.

"இன்னாத்துக்கு வராது?"

"உள்ளே வந்து உக்காரு, சொல்றேன்."

அவள் உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து மூன்றாவது வருஷம் அது. தமிழ் பேசுகிற ஊர்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று புத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் மறியல் செய்தார்கள். அதில் தண்டனை அடைந்த இருபத்துமூன்று பேர் சித்தூர் ஜெயிலில் இருந்தார்கள். இருபத்திரண்டு பேருக்கு ஆறு மாதம். ஒருவனுக்கு மட்டும் பதினெட்டு மாதம், கடுங்காவல். அந்த ஒருவன் சந்திரம்மாவின் புருஷன் கன்னையா.

இப்போது இரண்டு சர்க்காரும் எல்லையைப் பற்றிப் பேச உட்காரப் போகின்றன. அதற்கு முன்னால் நல்லெண்ணத்துக்காகப் போராட்டக் கைதிகளை விட்டுவிடுவதாக ஆந்திர சர்க்கார் சொல்லியிருந்தது. யார் யார் என்று எல்லைக் கைதிகள் பாதுகாப்புக் குழு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும். குழுவின் தலைவர் வெங்கடரமணன்.

"அரசியல் கைதிங்களைத்தான் விடுவாங்க," என்றார் அவர். "அரசியல் கைதின்னா, கொள்கைக்காக உள்ளே போனவன்."

"எங்க ஊட்டுக்காரு மட்டும் கொள்ளைக்காவா போனாரு?"

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. அவள் பெயர் லோயிஸ், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். லீவு நாளில் வந்து குழுவுக்குச் சம்பளமில்லாமல் டைப் அடித்துக் கொடுப்பாள். சிரிப்பு வந்ததை அவள் இருமலாக மாற்றிக்கொண்டாள்.

வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை. "கான்ஸ்டபிள் ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சது. கல்லை வீசினது நான்தான்னு உன் புருஷன் கோர்ட்டில் ஒப்புக்கிட்டான். ரெக்கார்டு இருக்கு. நம்ம இயக்கம் அகிம்சை இயக்கம். கல் வீசினவனை நம்ம ஆள்னு நான் கையெழுத்துப் போட்டா, மத்த இருபத்திரண்டு பேர் விடுதலையும் கெட்டுப் போகும்."

"கல்லுல பொழைக்கிறவரு கல்ல எடுத்து ஆளு மேல அடிப்பாரா? பொய்யி."

"அவனே சொல்லியிருக்கானேம்மா."

சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போனவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது. வெங்கடரமணன் அதைக் காட்டினார். "அப்ப எங்களையும் திருடனோட சேர்த்துப் போட்டாங்க. பன்னெண்டு நாள் பட்டினி கிடந்தோம். நாங்க வேற, அவன் வேறன்னு பிரிச்ச அப்புறம்தான் சோத்துல கை வெச்சோம். பி கிளாஸ் கொடுத்தான். பேப்பர், கட்டில், ரொட்டி எல்லாம் வந்தது. அரசியல் கைதிங்கற பேரு சும்மா கிடைச்சதில்லே. கண்டவனுக்கும் கொடுத்தா அந்தப் பேருக்கு மரியாதை ஏது?"

"கண்டவனா?" சந்திரம்மாவின் குரல் ஏறியது. "மறியலன்னிக்கு நீங்கல்லாம் எங்க சாமி உக்காந்துக்கினு இருந்தீங்க? வளைவுல. டிரைவரு கண்ணுக்கு நீங்க தெரியறதுக்குள்ள வண்டி உங்க மேல ஏறிப் போயிருக்கும். அது கூடத் தெரியாம பாட்டு பாடிக்கினு இருந்தீங்க. யாரு எழுப்பி இட்டுக்கினு போயி கைகாட்டிக்கு இந்தாண்ட நேர் லைனுல உக்கார வச்சது? தூரத்துலயே தெரியட்டும்னு மொதல்ல உக்காந்தது யாரு? உங்க பக்கத்துல யாரு உக்காந்துக்கினு இருந்தது?"

வெங்கடரமணன் பேனா மூடியைத் திருகித் திறந்தார். மறுபடி மூடினார். "அதெல்லாம் சரி. ஒப்புக்கிட்டானே, அதுக்கு நான் என்ன பண்ண?"

லோயிஸ்தான் பேசினாள். "சார், எதுக்கும் அவரையே ஒரு தடவை கேட்டுட்டு வரட்டுமே. மனு நான் எழுதித் தரேன்."

* * *

ஜெயிலில் கைதிக்கும் பார்க்க வந்தவருக்கும் நடுவில் கம்பி வலை. வலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வார்டர் கிருஷ்ணப்பா உட்கார்ந்திருந்தார். மதனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தமிழ் புரியும்.

கன்னையாவுக்குத் தலையை மழித்திருந்தார்கள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.

"இன்னாமே, இப்பிடி இளைச்சிட்ட?"

"என்னப் பத்தி அப்பால. உள்ள இன்னா வேல?"

"இன்னா வேல குடுப்பாங்க? ஜல்லிதான். வெளிய ஒடச்சா கூலி, உள்ள ஒடச்சா களி. சம்மட்டி மட்டும் நம்முளுது மாதிரி இல்ல, காம்பு ஆடுது."

"யோவ், கல்லு வீசனேன்னு இன்னாத்துக்குய்யா ஒத்துக்கின?"

"யாரு ஒத்துக்கினது?"

"நீதான். கோர்ட்டுல. எழுதி வச்சிக்கீறாங்க."

"ஐய, கல்லு யாரு வீசனது? நான் ஒத்துக்கினது அபராதம்மே."

அவளுக்குப் புரியவில்லை. கன்னையா பொறுமையாகச் சொன்னான். கலவரத்துக்காக ஒரு பங்களாவில் முகாம் கோர்ட்டு போட்டிருந்தார்கள். மற்ற இருபத்திரண்டு பேரை முதல் நாளே விசாரித்து முடித்துவிட்டார்கள். அவனை மறுநாள் தனியாக நிறுத்தினார்கள். அன்றைக்குக் குழுவிலிருந்து யாரும் வரவில்லை. முந்தின நாள் வக்கீலுடைய குமாஸ்தா, 'அபராதம் போட்டு விட்டுடுவாங்க, பயப்படாதே' என்று தைரியம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாஜிஸ்திரேட்டு ஒரு காகிதத்தைத் தெலுங்கில் மடமடவென்று படித்தார். கன்னையாவுக்குச் சந்தையில் பேசுகிற தெலுங்கு தெரியும், மேஸ்திரி திட்டுகிற தெலுங்கு நன்றாகத் தெரியும். கோர்ட்டுத் தெலுங்கு தெரியாது. அவர் படித்ததில் அவனுக்குப் பிடிபட்டது கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"'அபராதம் ஒப்புக்குண்டாவா?'ன்னாரு. கேட்ட வார்த்தையாச்சே, 'ஒப்புக்குண்டானு சாமி'ன்னேன். எவ்ளோன்னு கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள 'பத்தெனிமிதி நெலலு'ன்னுட்டாரு. பதினெட்டு மாசம்னா, ஒரேடியா கேக்காம தவணையா கட்டச் சொல்றாரு, நல்ல மனுசன் போலன்னு கும்புட்டேன்."

"கும்புட்டியா?"

"ரெண்டு கையும் சேத்து. வெலங்கு மாட்டறவனுக்கு அதான் சௌகரியமா போச்சி."

ஸ்டூலில் இருந்த கிருஷ்ணப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஓரி பிச்சோடா! அபராதம் அண்ட்டே ஜுல்மானா காதுரா! தப்பு. நேரம்!"

"நேரமா? இன்னா நேரம்?" என்றான் கன்னையா.

வார்டருக்குச் சிரிப்பு இன்னும் அதிகமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்திரம்மாவிடம் தமிழில் சொன்னார்: "நீங்க கட்டற காசு இருக்குல்ல, அது எங்களுக்கு ஜுல்மானா. எங்களுக்கு அபராதம்னாலும் நேரம்னாலும் குத்தம். குத்தத்த ஒப்புக்கிறியான்னு தொர கேட்டுனாரு. இவன் பேஷா ஒப்புக்கினேன்னுட்டான்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

சந்திரம்மா வலையைப் பிடித்திருந்தாள். கம்பி விரலில் பதிந்தது. இருபத்திரண்டு பேரோடு சேர்த்து நிறுத்தியிருந்தால் பக்கத்தில் நிற்கிறவன் ஒருத்தனாவது இவன் விலாவில் இடித்திருப்பான். கோர்ட்டில் தமிழ் தெரிந்த ஒரு ஆளை வைத்திருந்தால் முடிந்திருக்கும். குமாஸ்தா வந்திருந்தால் முடிந்திருக்கும். யாருக்கும் அரை நாள் இல்லை. இவனுக்குப் பதினெட்டு மாதம்.

"வக்கீலய்யா கிட்ட சொல்லு," என்றான் கன்னையா. "என் பக்கத்துல உக்காந்தவரு. அவரு கை உட மாட்டாரு."

* * *

அதே மத்தியானம் அவள் சொல்லச் சொல்ல, வெங்கடரமணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். லோயிஸுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. டைப் மெஷின் மேல் கையை வைத்தபடி, "ஐயோ" என்று மட்டும் சொன்னாள்.

வக்கீல் அறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு சொல்! ஒரே ஒரு சொல்! ரெண்டு வருஷமா மேடை மேடையா கத்தறோம். தாய்மொழியில்லாத நீதி நீதியில்லேன்னு. யார் கேட்டான்? இப்ப கையில சாட்சி கிடைச்சிருக்கு. லோயிஸ், எழுதிக்கோ. குண்டூர் ஹைகோர்ட்டில் ரிவிஷன் மனு போடறோம். நோட்டீஸ் அடிக்கறோம்." சந்திரம்மா பக்கம் திரும்பினார். "இனிமே கன்னையா நம்ம ஆளு. தியாகி!"

"லிஸ்டு சாமி?"

"எல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ போயிட்டு வா."

அன்றைக்கு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தாள்.

* * *

ஜல்லி உடைப்பது ஜோடி வேலை. ஆண் சம்மட்டியால் பாறையைப் பிளந்து போட வேண்டும். பெண் அதைச் சின்னச் சுத்தியால் ஒரு அளவாக உடைத்துப் பெட்டியை நிரப்ப வேண்டும். ஜோடிக்கு ஒரு கொட்டகை. சம்மட்டி இல்லாத கொட்டகையைக் காண்டிராக்டர் வைத்திருக்க மாட்டான். கன்னையா போன நாளிலிருந்து சந்திரம்மா அடுத்தவர் பிளந்து போட்டதில் மிஞ்சிய சில்லுகளைப் பொறுக்கி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்," என்றான் மேஸ்திரி கோவர்த்தனன். "அப்பால வேற ஜோடி வருது. நான் இன்னா பண்ண? நீ பெரிய மனுசி ஆயிட்டியே, உன் ஆளு பேரு நோட்டீசுல வருது. போய் அங்க கேளு."

நோட்டீஸ் உண்மையில் வந்திருந்தது. மஞ்சள் காகிதம். 'ஒரு சொல்லுக்குப் பதினெட்டு மாதம்' என்று மேலே கொட்டை எழுத்து. புத்தூர் ஸ்டேஷனிலும் நகரி சந்தையிலும் ஒட்டினார்கள். யாரோ படித்துக் காட்டினார்கள். அதில் கன்னையா தமிழன்னையின் மைந்தனாக இருந்தான், விலங்கு பூண்ட வேங்கையாக இருந்தான். காம்பு ஆடுகிற சம்மட்டி அதில் எங்கும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துக் குழுவிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் கூட்டம், கன்னையாவின் மனைவி மேடையில் உட்கார வேண்டும். சந்திரம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, ரேணிகுண்டாவில் வண்டி மாறித் திருப்பதி போய்ச் சேர்ந்தாள்.

கூட்டம் ஒரு சத்திரத்துக் கூடத்தில். பின்னால் ஒரு சின்ன அறை. லோயிஸ் அங்கே காத்திருந்தாள். கையில் ஒரு காக்கி நிற ஃபைல். முகம் சரியில்லை.

"சந்திரம்மா, வேற சேலை கொண்டு வந்தியா? வேலைக்குக் கட்டற மாதிரி?"

"இன்னாத்துக்கு?"

"சார் கேக்கச் சொன்னார். பட்டுக்கரை போட்டிருந்தா ஜனங்களுக்கு மனசு இளகாதாம்."

சந்திரம்மா சிரித்துவிட்டாள். "கிழிச்சிக்கினு வரட்டா? கத்திரி கீதா?"

லோயிஸ் சிரிக்கவில்லை. அறைக் கதவைச் சாத்தினாள். "இன்னொண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்கு ராத்திரி ஜெபம் வராது. இந்த ஃபைல்ல லிஸ்ட் இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் சார் கையெழுத்துப் போடுவார். நாளைக்குக் காலையில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கணும், நாளைக்குத்தான் கடைசி நாள்." அவள் நிறுத்தினாள். "அதுல கன்னையா பேர் இல்லை."

"பாத்துக்கறேன்னு சொன்னாரே?"

"பார்த்துத்தான் எடுத்தார். சர்க்காரே இரக்கப்பட்டு விட்டுட்டா ஹைகோர்ட்டு கேஸ் அங்கேயே செத்துடும்னார். எல்லைப் பேச்சு நடக்கற வரைக்கும் ஒரு ஆள் உள்ளே இருக்கணும்னார். வெளியே வந்தவனைக் காட்டி என்ன கேக்கறது, உள்ளே இருக்கறவனைக் காட்டினாத்தான் பேச்சுக்கு வலுன்னார்."

"எவ்ளோ நாளு?"

"ஆறு மாசமோ, வருஷமோ. அவருக்கே தெரியாது."

சந்திரம்மா ஃபைலைப் பார்த்தாள். லோயிஸின் விரல்களைப் பார்த்தாள். சுத்தமான, மையின் வாசம் அடிக்கிற விரல்கள். "நீதான அடிச்ச அத?"

"ஆமா," என்றாள் லோயிஸ். "இந்தக் கைதான்."

"நல்ல கை."

லோயிஸின் கண் நிறைந்தது. அவளைத் தேற்ற சந்திரம்மாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. முதல் தடவை இந்த வக்கீல் பேரை விட்டான், கல் வீசினவன் என்று. இரண்டாவது தடவை விட்டான், கல் வீசாதவன் என்று. வீசினாலும் உள்ளே, வீசாவிட்டாலும் உள்ளே.

* * *

கூடத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். மேடையில் மேஜை, அதன்மேல் மாலைகள், தண்ணீர்ச் செம்பு, லோயிஸ் கொண்டு வந்து வைத்த ஃபைல். வெங்கடரமணன் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகப் பேசினார். மாஜிஸ்திரேட்டு கேட்டதை அவர் குரலிலேயே கேட்டுக் காட்டினார், கன்னையா கும்பிட்டதைக் கும்பிட்டுக் காட்டினார். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பல்லைக் கடித்தார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்று துண்டை உதறி, "அக்கிரமம்! அக்கிரமம்!" என்று கத்தினார்.

"அந்தத் தியாகியின் தர்ம பத்தினி இதோ இருக்கிறார். இரண்டு வார்த்தை பேசுவார்," என்று சொல்லி மைக்கைச் சந்திரம்மாவின் உயரத்துக்கு இறக்கினார். காதருகில் மெல்ல, "அழுகை வந்தா அடக்காதே," என்றார்.

சந்திரம்மா மைக்கைத் தொட்டாள். அது கீச்சென்று கத்தியது.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றாள். "படிக்கவும் தெரியாது. அந்த மேஜ மேல ஒரு லிஸ்டு கீது. ஜெயிலுலேர்ந்து யார் யார உடணும்னு எழுதன லிஸ்டு. டீச்சரம்மா அத உங்களுக்குப் படிச்சிக் காட்டட்டும்."

கைதட்டினார்கள்.

வெங்கடரமணன் பாதி எழுந்தார். "அது ஆபீஸ் காகிதம், இப்ப எதுக்கு…"

"படிங்கம்மா!" என்று கீழேயிருந்து குரல். "எங்க ஊரு ஆளுங்க பேரு கேக்கணும்!"

லோயிஸ் எழுந்து வந்தாள். காகிதம் மைக்கில் உரசி இரைந்தது. "ஒண்ணு, திருவேங்கடம், நகரி." கைதட்டல். "ரெண்டு, ஜெபதாஸ், புத்தூர்." கைதட்டல். ஒவ்வொரு பேருக்கும் தட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பேருக்கு விசில் அடித்தார்கள். "இருபத்திரண்டு, பச்சையப்பன், பிச்சாட்டூர்." தட்டினார்கள். லோயிஸ் காகிதத்தை இறக்கினாள்.

"அப்பால?" என்றாள் சந்திரம்மா.

"அவ்வளவுதான்."

"நல்லாப் பாரு டீச்சரம்மா. பின்பக்கம் கீதா?"

லோயிஸ் காகிதத்தைத் திருப்பி ஜனங்களுக்குக் காட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

முன்வரிசையில் ஒருவன் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான். துண்டை உதறிய கிழவர் கேட்டார்: "கன்னையா பேரு எங்க?"

"அதான் நானும் கேக்கறேன்," என்றாள் சந்திரம்மா. "முக்கா மணி நேரமா கன்னையா கன்னையான்னு பேசனாரே, அவரையே கேளுங்க."

வெங்கடரமணன் மைக்குக்கு வந்தார். குரலில் இன்னும் பதற்றமில்லை. "தோழர்களே, இது சட்ட நுணுக்கம். அந்த அம்மாவுக்கு விளங்காது. கன்னையா விஷயம் உயர்நீதிமன்றத்துக்குப் போகிறது. ஒருவர் சில மாதம் கூடுதலாகச் செய்கிற தியாகம், லட்சக்கணக்கான…"

"தியாகம் அவரு பண்ணலைங்க!" சந்திரம்மா மைக்கே இல்லாமல் கத்தினாள். பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கடைசி வரிசை வரை கேட்டது. "தியாகம் பண்றியான்னு அவர யாரு கேட்டா? நீ கேட்டியா? கோர்ட்டுல ஒருத்தரு புரியாத பாஷைல கேட்டு உள்ள தள்ளனாரு. நீ கேக்காமயே தள்ற. உங்க ரெண்டு பேருல யாருய்யா மோசம்?"

"வார்த்தையை அளந்து பேசும்மா. பின்னாலேர்ந்து யார் சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்க உன்னை?"

"எவனும் அனுப்பல. மாசக் கடைசில கொட்டாயக் காலி பண்ணச் சொல்லிட்டான் மேஸ்திரி. அதான் அனுப்பிச்சிது." அவள் மூச்சு வாங்கினாள். "சாமி, உனுக்கு அந்தச் சொல்லு வோணும். எனுக்கு ஆளு வோணும். சொல்ல நீயே வச்சிக்க. நோட்டீசுல போடு, ஹைகோர்ட்டுல காட்டு, டில்லிக்கு வோணா அனுப்பு, நான் கேக்கல. ஆளக் குடுத்துடு."

கீழே சத்தம் எழுந்தது. "எழுதுய்யா!" என்றான் ஒருவன். "எழுதிட்டு அப்பறம் பேசு!" முதலில் நாலு பேர், பிறகு பாதிக் கூடம். நாற்காலிகள் நகர்ந்தன. நகரிக்காரர்கள் சிலர் மேடைப் படி வரை வந்துவிட்டார்கள்.

வெங்கடரமணன் அவர்களைப் பார்த்தார். நாற்பத்திரண்டிலிருந்து கூட்டம் பார்த்தவர். எப்போது வளைய வேண்டும் என்று தெரியும். புன்னகை செய்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டி, மேஜை மேல் குனிந்து எழுதினார்.

"என்னா எழுதனாருன்னு படி டீச்சரம்மா."

"இருபத்துமூணு, கன்னையா."

"அவ்ளோதானா? ஜெயிலுல எத்தினி கன்னையா கீறானோ. தகப்பன் பேரு கங்கய்யா, அத எழுதச் சொல்லு. கைதி நம்பரு நூத்தி நாப்பத்தேழு. அதையும் எழுதச் சொல்லு."

எழுதினார். லோயிஸ் படித்தாள். கீழே கையெழுத்தும் போட்டார். கூடமே கைதட்டியது. யாரோ, "தலைவர் வெங்கடரமணன்!" என்று குரல் கொடுத்தான். "வாழ்க!" என்றார்கள் இருநூறு பேரும். எழுதச் சொல்லிக் கத்தியவர்களும்தான். வெங்கடரமணன் இரண்டு கைகளையும் கூப்பி நாலு பக்கமும் திரும்பினார். ஒருவன் அவர் கழுத்தில் மாலை போட்டான்.

சந்திரம்மா கைதட்டவில்லை. மேஜையிலிருந்து காகிதத்தை எடுத்து ஃபைலில் வைத்து, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அதைக் குடும்மா, நான் அனுப்பிடறேன்," என்றார் வக்கீல்.

"வாணாம். நானும் டீச்சரம்மாவுமே எடுத்துக்கினு போறோம்."

பாகாலா வழியாகச் சித்தூர் போகிற வண்டியில் இருவரும் ஏறினார்கள். வழியெல்லாம் ஃபைல் மடியை விட்டு இறங்கவில்லை. லோயிஸ் ஒரு தடவை, "என்னைக் குழுவில் இனிமே சேர்க்க மாட்டாங்க," என்றாள். "சேத்துக்கினு இன்னா ஆவப் போவுது," என்றாள் சந்திரம்மா. கொஞ்ச நேரம் கழித்து, தன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினாள். "துன்னு. மூஞ்சி வாடிக் கெடக்குது."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் திறந்தபோது இரண்டு பேரும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். குமாஸ்தா சீல் குத்துகிற வரைக்கும் சந்திரம்மா அந்தக் காகிதத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

* * *

பத்தொன்பது நாள் கழித்துக் கைதிகளை விட்டார்கள். கொட்டகை போய்விட்டிருந்தது. வேறு ஜோடி வந்துவிட்டது. சட்டி பானையைப் பக்கத்துக் கொட்டகையில் போட்டுவிட்டுச் சந்திரம்மா சித்தூர் வந்தாள்.

ஜெயில் வாசலில் குழு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. மேளக்காரர்கள், மாலைகள், ஒரு போட்டோக்காரர். வெங்கடரமணன் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒருத்தரைக்கூட விட்டுடக்கூடாதுன்னு நாங்க உறுதியா இருந்தோம். இருபத்துமூணு பேர்னா இருபத்துமூணு பேர்."

சந்திரம்மா அவருக்கு நாலடி தள்ளி நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். "வாம்மா, வா," என்று அன்பாகச் சொன்னார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர் போல. அந்த அன்பில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கதவு திறந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். மாலை, மேளம், வாழ்க. கடைசியில் கன்னையா வந்தான். மழித்த தலையில் அரை விரல்கடை முடி முளைத்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். வெங்கடரமணன் தாமே முன்னால் போய், இருந்ததிலேயே பெரிய மாலையை அவன் கழுத்தில் போட்டார். போட்டோக்காரர் ஓடி வந்தார்.

கன்னையா மாலையைத் தொட்டுப் பார்த்தான். "சாமி," என்றான். "நீங்க கை உட மாட்டீங்கன்னு எனுக்குத் தெரியும். அவ கிட்டயே சொன்னேன்." சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி வக்கீலின் காலைத் தொடக் குனிந்தான். வெங்கடரமணன் தடுக்கவில்லை. ஆசீர்வாதத்துக்குக் கை பாதி உயர்ந்திருந்தது.

சந்திரம்மா நாலடியையும் ஒரே எட்டில் தாண்டினாள். பின்னாலிருந்து அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்து, பாறையை நெம்புகிற மாதிரி நெம்பி நிமிர்த்தினாள். மாலை ஒரு தோளிலிருந்து அறுந்து தொங்கியது.

"இன்னாமே பண்ற? எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். நிமிந்து நில்லு."

"வெளிய எடுத்தவரும்மே அவரு. காலத் தொட்டா இன்னா கொறைஞ்சிடும்?"

வெங்கடரமணனின் கை இன்னும் காற்றில் இருந்தது. மேளக்காரன் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஒரு தட்டு தட்டி நிறுத்தினான்.

"நட," என்றாள் சந்திரம்மா. "யாரு வெளிய எடுத்தாங்க, யாரு உள்ள வச்சாங்கன்னு வழில சொல்றேன். புத்தூரு வரைக்கும் சொல்லணும், அவ்ளோ கீது."

அவன் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.